ஈரக் காலையில் கிளம்பாத வண்டி

செல்ஃப் பொத்தானை அழுத்தினால் இன்ஜின் சுற்றத்தான் செய்தது. சுற்றுவதில் குறையில்லை, பேட்டரி நல்ல பலத்தோடு இருந்தது. ஆனால் உள்ளே எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. சுயம்பு விரலை எடுத்தான். ஷெட்டுக்குள் எரியாத பெட்ரோலின் வாடை மட்டும் நின்றது. வெளியே மழை தூறலாக இறங்கிக்கொண்டிருந்தது.

அனந்தநாராயணன் கோட்டும் கைத்தடியுமாக வாசலில் நின்றார்.

"என்ன சுயம்பு?"

"ஈரம் சார். கொஞ்சம் காய்ஞ்சா எடுத்துரும்."

"பம்பாய்ல ஈரம் இந்த வருஷம்தான் வந்திருக்கா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுகிறவராக இருந்தால் சுயம்புவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டு வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். இவர் பதில் வரும் வரையில் காத்து நிற்பார். கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்யும் வேலையில் முப்பது வருஷமாக இருப்பவர். காரணம் கேட்டால் காரணம் வேண்டும்.

சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பஞ்சு தலையை நீட்டினார். பாலக்காட்டுப் பக்கத்துச் சமையல்காரர். வீட்டில் யார் பேசினாலும் அதில் ஒரு வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் அவருக்கு.

"அண்ணா, டாக்ஸி கூட்டிண்டு வரட்டா? இல்லே, இவன் தேர் இன்னும் கொஞ்சம் இருமிப் பாக்கட்டுமா?"

"கூட்டிண்டு வா," என்றார் அனந்தநாராயணன்.

டாக்ஸி போன பிறகு சுயம்பு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பத்து மணிக்கு மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. ஷெட்டின் தகரம் சூடேறியது. பதினொன்றுக்குப் பொத்தானை அழுத்தினான். முதல் சுற்றிலேயே வண்டி எடுத்தது. தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது. போக வேண்டியவர் அப்போது ஃபோர்ட்டில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய சந்தில் அந்த வீடு. வண்டி யுத்தத்துக்கு வெகு முன்னால் வந்த இங்கிலீஷ் வண்டி. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், சக்கரத்தைக் கழற்றிச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அதை இறக்கி ஓட வைக்க வந்தவன் சுயம்பு. வந்தவன் டிரைவராக அங்கேயே தங்கிவிட்டான். அனந்தநாராயணன் முன்பெல்லாம் ரயிலில்தான் போய் வந்தார். ஒரு மழை நாளில் தாதர் ஸ்டேஷன் பாலத்துப் படியில் கூட்டம் தள்ளி விழுந்தார். இடது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. நீட்டிய காலோடு லோக்கல் ரயிலில் ஏற முடியாது. வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை என்ற நிலை அவருக்கு.

சுயம்புவுக்கும் அதே நிலைதான், வேறு விதத்தில்.

அவன் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். தாராவிக்கு வந்த புதிதில் ஜெயினுலாப்தீன் சாயபுவின் தோல் கிடங்கில் சேர்ந்தான். மயிர் கழிவதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போடுவார்கள். தொட்டியில் இறங்கிப் புரட்டுகிறவனுக்குச் சில மாதத்தில் விரல் நுனியில் ஓட்டை விழும். சுயம்புவின் கைகள் மற்றவர்கள் கைகளைவிட மோசம். வீங்கி, வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் மனைவி பேராச்சி உருட்டிக் கொடுத்த நாட்கள் உண்டு. சாயபு நல்ல மனுஷன். "உனக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கிடல, வேற எதாச்சும் பாரு," என்று அவரே சொன்னார். தாதரில் ஊர்க்காரர் பூலோகம் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அங்கே கிரீஸ் கழுவப் போனான் சுயம்பு. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. கழற்றியதைக் கழுவும்போது பார்ப்பான். பூட்டும்போது பக்கத்தில் நிற்பான். இங்கிலீஷ் எழுத்து தெரியாததால் சாமான்களை விரலால்தான் ஞாபகம் வைத்துக்கொண்டான். கை ஆறியது. ஒரு நட்டு முழுசாக இறுகியதா, இன்னும் கால் சுற்று வேண்டுமா என்று விரல் சொல்லும் அளவுக்கு ஆறியது.

இந்த வேலை போனால் வேறு டிரைவர் வேலை கிடைப்பது லேசில்லை. பட்டாளத்திலிருந்து லாரி ஓட்டத் தெரிந்த ஆட்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்திருந்தார்கள். பூலோகத்தின் ஒர்க்‌ஷாப்பும் மூடியாகிவிட்டது. மிச்சம் இருப்பது சாயபுவின் தொட்டிதான்.

கோளாறு தொடங்கியது மழையின் ஆரம்பத்தில். முதலில் வந்தது நிஜமான கோளாறு. காயில் என்பது ஒரு டம்ளர் உயரத்துக்குத் தகரக் குப்பி. அதற்குக் கறுப்பாக ஒரு தலை. பேட்டரியின் சிறிய கரண்ட்டைப் பெரிதாக்கி பிளக்குகளுக்கு அனுப்புவது அதன் வேலை. பிளக்கில் பொறி வந்தால் பெட்ரோல் பற்றும். வராவிட்டால் இன்ஜின் வெறுமனே சுற்றும். வண்டியோடு வந்த பழைய காயில் ஒரு நாள் வெடித்துத் தார் கசிந்தது. தாதரில் ஜஹாங்கீர் சேட்டின் கடையில் வேறு காயில் வாங்கிப் பூட்டினான். பூலோகம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு நடைமுறை இருந்தது: புதுச் சாமான் எதுவானாலும் பூட்டியதும் அதன் தலையில் விபூதியைக் குழைத்து மூன்று கீற்று இழுத்து, நடுவில் குங்குமப் பொட்டு வைத்த பிறகுதான் வேலைக்கு விடுவார்கள். பிரேக் டிரம், கியர் பெட்டி, ரேடியேட்டர் எல்லாம் அப்படித்தான் சாலைக்குப் போயின. அங்கே பூட்டியவையெல்லாம் பெரும்பாலும் இரும்புச் சாமான்கள். கரண்ட் வேலையை அவர்கள் வெளியே கொடுத்துவிடுவார்கள். சுயம்பு காயிலுக்கும் அதையே செய்தான்.

முதல் ஈரக் காலையில் வண்டி நின்றது.

அவன் ஒழுங்காகத்தான் தேடினான். பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டினான். பாயிண்ட்டை அரம் போட்டு இடைவெளி பார்த்தான். கண்டென்சரை மாற்றினான். வயர்களைப் புதிதாக இழுத்தான். அன்றைக்கு மத்தியானம் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலை, காயிலிலிருந்து வரும் தடித்த வயரை இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பொறி பார்த்தான். நல்ல பொறி நீலமாக, சடசடவென்று குதிக்க வேண்டும். இது சிவந்து நூலாக வந்தது. சமயத்தில் அதுவும் இல்லை. காயில்தான் என்று தீர்மானித்தான். ஜஹாங்கீரிடம் இன்னொன்று வாங்கிப் பூட்டினான். வண்டி உடனே எடுத்தது. கும்பிட்டுவிட்டு அதற்கும் மூன்று கீற்று இழுத்தான். வெயில் அடித்த நாட்களில் ஓடியது. மழை பிடித்துக்கொண்டதும் நின்றது.

வண்டியில் ஏதோ ஒன்று காயிலைத் தின்கிறது என்று சுயம்பு நினைத்தான். எது என்று தெரியவில்லை. ராத்திரி படுத்தால் வயர்கள் கண்ணுக்குள் ஓடின.

வீட்டில் அனந்தநாராயணனின் மனைவி பாகீரதி வெள்ளிக்கிழமை தோறும் கோவிலுக்குப் போய் வருவாள். திரும்பியதும் ஷெட் வாசலுக்கு வந்து, இலைத் துண்டில் மடித்த விபூதியை அவன் கையில் போடுவாள். கணவர் பாலத்தில் விழுந்த நாளிலிருந்து இது நடந்து வந்தது.

"வண்டிக்கு வெச்சுடு சுயம்பு."

முன்பெல்லாம் அதை அவன் பானெட்டின் நெற்றியில் வெளிப்பக்கம் பூசுவான். காயில் தகராறு வந்த பிறகு உள்ளே பூசினான். காய்ச்சல் பிள்ளைக்கு நெற்றியில் பூசுகிறோம், வயிற்று நோவுக்கு வயிற்றில் பூசுகிறோம். நோவு எங்கேயோ அங்கேதான் விபூதி. வண்டி அடிக்கடி நிற்க நிற்க, காயிலின் தலையில் பூச்சு கெட்டியாகிக்கொண்டே போனது.

ஒரு நாள் மாலை டாக்ஸியிலிருந்து இறங்கிய அனந்தநாராயணன் நேரே ஷெட்டுக்கு வந்தார். காரின் மட்கார்டில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"ஆபீஸ்ல வண்டியும் டிரைவரும் அனுப்பறேங்கறா. என் கார் அலவன்ஸை விட்டுக் கொடுத்தாப் போறும். மூணு மாசமாச் சொல்றா. நான்தான் வேண்டாம்னுண்டிருக்கேன்."

சுயம்பு கையில் இருந்த துணியை மடித்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள எது கோளாறுன்னு கண்டுபிடி. சரியாப் போச்சுன்னு சொல்லாதே. அதை நாலஞ்சு தரம் சொல்லிட்டே. எதுன்னு சொல்லு."

"சொல்லுதேன் சார்."

அன்று தாராவி வீட்டில் பேராச்சி மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "சாரு என்ன சொல்லுதாரு?"

"மாசக் கடைசி வரைக்கும்."

"பெறவு?"

அவள் அவன் கையைத்தான் பார்த்தாள். சாப்பிடும் கையை.

"தின்னுங்க," என்றாள். "வண்டி மயித்துக்கு ஒரு வாய் இருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பேன்."

ஜஹாங்கீர் சேட் மூன்றாவது காயில் தர மறுத்துவிட்டார். தாதரில் பாலத்துக்குக் கீழே அவருடைய கடை. வெள்ளைச் சட்டைக்கு மேல் தோல் ஏப்ரன் கட்டிய பார்சி. "பஹலே முர்தா லாவ்," என்றார். செத்ததை முதலில் கொண்டு வா என்று அர்த்தம்.

சுயம்பு ஒன்றைக் கழற்றி, முன்பு மாற்றிய மற்றதையும் சேர்த்துச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனான். சேட் மேஜைக்கு வரும் எந்தச் சாமானையும் முதலில் பெட்ரோல் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் தொடுவார். இரண்டையும் துடைத்தார். ஒவ்வொன்றாக வயரில் மாட்டி ஸ்விட்சைத் தட்டினார். இரண்டிலிருந்தும் பொறி நீலமாக, ஆரோக்கியமாகக் குதித்தது.

"தோனோ ஏக்தம் அச்சா," என்றார். இரண்டுமே சுத்தமாக நன்றாக இருக்கின்றனவாம்.

"நஹி சேட். காலையில பாத்தேன். செத்துத்தான் கெடந்துச்சு." பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாகச் சொன்னான்.

சேட் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். வண்டிக்கு வியாதி இல்லை, ஓட்டுகிறவனுக்குத்தான் என்றார். கடையில் நின்ற இரண்டு டாக்ஸிக்காரர்கள் சிரித்தார்கள். சேட் காயில்களைச் சாக்கில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சேட் துடைத்ததைச் சுயம்பு பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் கண் பொறி வருமா என்பதிலேயே இருந்தது.

திரும்பி வந்து ஒன்றைப் பூட்டினான். வண்டி எடுத்தது. மறுநாள் மழை, எடுத்தது. அதற்கு மறுநாள் பேய் மழை, அப்போதும் எடுத்தது. அனந்தநாராயணன் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, "எது?" என்றார்.

"தெரியல சார்."

"அப்போ இன்னும் சரியாகல்லே," என்றார் அவர். சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. பைகுல்லா தாண்டும்போது ஏதோ மெல்ல முணுமுணுத்துப் பாடினார்.

வெள்ளிக்கிழமை பாகீரதி வந்தாள். வழக்கத்தைவிட நிறைய விபூதி. "ரெண்டு நாளா ஓடறதே. நன்னா வெச்சுடு." சுயம்பு நன்றாகவே வைத்தான். கீற்று ஒவ்வொன்றும் விரல் அகலம். கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். அன்று காலை வண்டி நின்றது.

மாசம் முடிய இருந்தது. மறு வாரத்தின் முதல் நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் சுயம்பு ஷெட்டுக்கு வந்துவிட்டான். சாரல் அடித்ததால் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே இருட்டு. செல்ஃபை அழுத்திப் பார்த்தான். வெறுமனே சுற்றியது. செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

கதவு கிறீச்சிட்டது. பஞ்சு அடுப்புக் கரி எடுக்க வந்தார். கரி மூட்டை ஷெட்டின் மூலையில்தான் இருந்தது.

"ஐயையோ, ஆள் இருக்கா? இருட்டில தியானமா?"

"பஞ்சு சாமி, ஒரு கை குடுங்க. நீங்க இந்தப் பொத்தானை அமுக்கணும். நான் முன்னால நின்னு பாக்கேன்."

"நானா? வெடிக்குமோ?"

"வெடிச்சா நான்தான் முன்னால நிக்கேன்."

"அதுவும் சரியாக்கும்." பஞ்சு கரிக்கூடையை வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "சொல்லு, எங்கே போகணும்? காசிக்கா?"

"கதவைச் சாத்தி விட்டுட்டு அமுக்குங்க சாமி."

கதவு மூடியது. ஷெட் மறுபடி இருண்டது. இன்ஜின் சுற்றியது. சுயம்பு பானெட்டுக்குள் குனிந்தான்.

காயிலின் தலையில் ஏதோ ஊர்ந்தது. நீலமாக, மெல்லிசாக, எறும்புச் சாரை மாதிரி. நடுத் துவாரத்தில் கிளம்பி, விபூதிக் கீற்றின் மேலாகவே ஓடி, ஓரத்தில் தகரக் குப்பியில் இறங்கி மறைந்தது. மூன்று கீற்றிலும் மாறி மாறி ஓடியது. பொட்டு வைத்த இடத்தில் கொஞ்சம் நின்று, சிவந்து, மறுபடி ஓடியது. கீற்று இல்லாத கறுப்பில் ஓடவே இல்லை.

"போறுமா?" என்றார் பஞ்சு.

"இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் அதேதான். சுயம்பு நிமிர்ந்தான். சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரச் சாம்பல் கரண்ட்டுக்கு வழி. பிளக்குக்குப் போக வேண்டியதெல்லாம் அந்த வழியாகத் தகரத்தில் இறங்கி வீணாகப் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறிச் சாம்பல் காய்ந்தால் வழி அடைபடும், வண்டி எடுக்கும். ஜஹாங்கீர் துடைத்த துணி இப்போது ஞாபகம் வந்தது, புதுச் சாமான் இல்லையென்று மறுபடி கீற்று இழுக்காமல் பூட்டியதும். முதல் காயில் சாகவில்லை. இரண்டாவதும் சாகவில்லை.

இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்தான். கார்புரேட்டருக்குக் கீழே பிடித்துப் பெட்ரோலில் நனைத்தான். காயிலின் தலையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தான். சந்திலெல்லாம் விரலை விட்டுத் துடைத்தான். கறுப்புத் தலை பளபளத்தது.

"இப்ப அமுக்குங்க."

பஞ்சு அமுக்கினார். வண்டி உறுமிக்கொண்டு எடுத்தது. பஞ்சு பயந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தார்.

"என்னடா பண்ணினே?"

சுயம்பு சொன்னான். பஞ்சு முதலில் சிரித்தார். பிறகு துணியைப் பார்த்தார். கறுப்புத் துணியில் வெள்ளையும் சிவப்பும் அப்பியிருந்தன. அவர் சிரிப்பு நின்றது.

"இதை அண்ணாகிட்ட சொல்லப் போறயா?"

"எதுன்னு கேட்டாரே."

"மன்னி இல்லாதப்போ சொல்லு," என்றார் பஞ்சு. ஆனால் சுயம்பு அதற்குள் பின்வாசலுக்கு ஓடிவிட்டான்.

அனந்தநாராயணன் கூடத்தில் காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சுயம்பு வெராண்டாவில் நின்று ஒன்று விடாமல் சொன்னான். முதல் காயில் வாங்கியதிலிருந்து, ஒர்க்‌ஷாப் நடைமுறையிலிருந்து, நீலமாக ஓடியது வரைக்கும். தான் பூசியது என்பதை மறைக்கவில்லை. இத்தனை மாசம் வண்டியை நிறுத்தியது தன் கைதான் என்று சொன்னான்.

அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். வெளிப் பக்கம் பூசினால் பாதகமில்லையா? இல்லை. வெயில் நாளில் ஏன் ஓடியது? காய்ந்திருந்தது. துடைத்த பிறகு இந்த மழையில் எடுத்ததா? ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் கேட்கிறது பாருங்கள். அவர் காது கொடுத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"இதுதான் காரணம். இது காரணம்," என்றார். "ஆபீஸ்காராகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன், வண்டி வேண்டாம்னு."

சமையல்கட்டு நிலையில் பாகீரதி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"துடைச்சுட்டயா?" என்றாள்.

சுயம்பு திரும்பினான். "ஆமாம்மா."

"எதால?"

"பெட்ரோல் துணியாலம்மா."

ஷெட்டில் வண்டி ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

"கோவில்லேர்ந்து கொண்டு வந்து குடுத்தது," என்றாள் பாகீரதி. திட்டுகிற குரல் இல்லை. பயந்த குரல்.

"பாகீரதி, அது கரண்ட் விஷயம். சாம்பல் ஈரமானா..."

"எனக்குக் கரண்ட் தெரியாது. அன்னிக்கு நீங்க நெத்திக்கு இட்டுக்காமக் கிளம்பினேள். வாசல் வரைக்கும் எடுத்துண்டு வந்தேன். ரயிலுக்கு நாழியாச்சுன்னேள். அன்னிக்குத்தான் விழுந்தேள்."

அனந்தநாராயணன் முழங்காலைத் தடவிக்கொண்டார். அந்தப் பேச்சு அவர்களுக்குள் முன்பும் நடந்திருக்க வேண்டும்.

"அம்மா," என்றான் சுயம்பு. "இடம் மாத்தி வைக்கேன்மா. பழையபடி பானெட்டுக்கு வெளிய வைக்கேன். ரேடியேட்டருக்கு வைக்கேன். குளிச்சுட்டு வந்து இப்பமே வைக்கேன்."

"வெச்சதைத் துடைச்சாச்சே சுயம்பு." அவள் கண் கலங்கியிருந்தது. "உன்மேல தப்பில்லே. உனக்கு வேலை முக்கியம், துடைச்சே. ஆனா அந்த வண்டியில இவரை நான் அனுப்பமாட்டேன். வாசல்ல நின்னுண்டு தினம் என்னால பயப்பட முடியாது."

உள்ளே போய் அவளே ஒரு டம்ளர் காப்பி கொண்டு வந்து அவனுக்கு வைத்தாள். அவன் குடித்தான். என்ன செய்வது என்று தெரியாததால் குடித்தான். பிறகு போய் வண்டியை அணைத்தான்.

அனந்தநாராயணன் மூன்று நாள் பேசிப் பார்த்தார். டாக்ஸியில் போய் வந்தார். நான்காம் நாள் ஷெட்டுக்கு வந்தார்.

"நீ கண்டுபிடிச்சுட்டே. சொன்னபடி சொன்னே. நான்தான்..." தடியால் தரையில் தட்டினார். "இந்த வண்டியில போறேன்னாலே அவ சாப்பிடமாட்டேங்கறா. வம்புக்கு இல்லே. தொண்டையில எறங்கல்லே. என்ன பண்ணச் சொல்றே?"

"ஒண்ணும் செய்ய முடியாது சார்," என்றான் சுயம்பு. அவருக்கு ஆறுதலாகத்தான் சொன்னான்.

பேராச்சிக்கு விஷயம் தெரிந்ததும் அவள் அடுப்பைவிட்டு எழுந்து வந்தாள்.

"வயரு அந்து போச்சு, ஒட்டிட்டேன்னு சொன்னா நாக்கு அழுகியா போவும்?"

"காரணம் கேட்டாரு. அவரு ஒரு தரம் கேட்டா விடமாட்டாரு."

"அதான் சொல்லுதேன். வயரு காரணம் இல்லியா?"

அவள் சொன்னது சரி. அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. பல மாதம் தேடிய ஒன்றைக் கண்ணால் பார்த்தவனுக்கு அதை அப்படியே சொல்வதைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை.

"ஏட்டி," என்றான் சற்றுக் கழித்து, "தொடைச்சது தப்போ?"

பேராச்சி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு என்ன தெரியும்? சாமிக்குத்தான் தெரியும். சாமி வண்டியா ஓட்டுது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து ஒரு காண்டிராக்டர் வண்டியை விலைக்குக் கேட்டுப் பார்க்க வந்தார். நல்ல மழை. சுயம்பு பொத்தானைத் தொட்டதும் வண்டி எடுத்தது. அணைத்தான், மறுபடி தொட்டான், எடுத்தது. காண்டிராக்டருக்கு ஆச்சரியம். "இவ்வளவு நல்ல வண்டியை ஏன் சார் கொடுக்கறீங்க?" அனந்தநாராயணன் காலைக் காட்டி ஏதோ சொல்லி மழுப்பினார். காண்டிராக்டருக்குச் சொந்தமாக டிரைவர் இருந்தான், கூடவே வந்திருந்தான். சாவியைக் கொடுக்கும்போது சுயம்பு அவனை ஓரமாக அழைத்துப் போனான்.

"காயில் தலையை மட்டும் சுத்தமா வச்சுக்கிடுங்க. எதுவும் பூசாதீங்க."

"யாராவது காயில்ல பூசுவாங்களா?" என்று சிரித்தான் அவன்.

மறுநாள் ஆபீஸ் வண்டி வந்தது. ஷெட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போகலாமென்று சுயம்பு காலையிலேயே வந்திருந்தான். வந்த டிரைவர் ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், நாகூர் மீரான் என்று பெயர் சொன்னார். மரியாதையான ஆள். இறங்கிப் பின் கதவைத் திறந்து பிடித்தார். அனந்தநாராயணன் நல்ல காலை உள்ளே வைத்து ஏறப் பார்த்தார். நீட்டிய கால் கதவில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். நிலையில் நின்ற பாகீரதி கையை வாயில் வைத்தாள்.

சுயம்பு விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அப்பிடி இல்ல அண்ணே. சாரு மொதல்ல முதுகைக் காட்டி உட்காரணும். நீங்க கால மேல தொடாதீங்க, குதிகாலுக்குக் கீழ கைய வச்சு, அவரு திரும்புத வேகத்துக்கே கொண்டு போவணும். தூக்கக் கூடாது." சொல்லிக்கொண்டே அப்படியே செய்தான். கால் உள்ளே போய்ச் சீட்டில் நீண்டது.

"இன்னொருக்கா காட்டுங்க," என்றார் நாகூர் மீரான்.

அனந்தநாராயணன் மறுபடி இறங்கினார். மறுபடி ஏறினார். இந்த முறை நாகூர் மீரான் குதிகாலைப் பிடித்தார். சுயம்பு பக்கத்தில் நின்று பார்த்தான். சரியாக வந்தது. பெரியவர் ஜன்னல் வழியாக அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

நாகூர் மீரான் தன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். தணிந்த குரலில் கேட்டார். "பழைய வண்டிக்கு என்னப்பா கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்லண்ணே."

"பெறகு ஏன்?"

சுயம்பு தெருமுனையைப் பார்த்தான். மழை வலுத்துக்கொண்டிருந்தது.

"பரேல் வழியாப் போவாதீங்க," என்றான். "இந்நேரம் அங்க தண்ணி நிக்கும்."

வண்டி போனதும் கேட்டைச் சாத்தினான். ஷெட்டைப் பெருக்கி முடித்துச் சாவியைப் பஞ்சுவிடம் கொடுத்தான். பஞ்சு அன்று ஒரு வார்த்தையும் பேசாமல் வாங்கிக்கொண்டார். மதிய வேளைக்கு ஆள் எடுக்கும்போது சாயபுவின் கிடங்கு வாசலில் நிற்க வேண்டும். சுயம்பு தாராவிப் பக்கம் நடந்தான்.